கூட வந்தவர்கள்

மனமருத்துவத்தின் கதை – 14

திண்டுக்கல்லில் எந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். சீட்டு ஒருவர் பெயரில் இருக்கும். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா, அண்ணன், அத்தை, அப்புறம் "விவரம் தெரிஞ்ச ஆளு" என்று கூட்டிவரப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர். தலைவலிக்கே இந்தக் கூட்டம் என்றால் மனக்கோளாறுக்குச் சொல்ல வேண்டாம். நோயாளி வாயைத் திறக்குமுன் நாலு பேரும் நாலு கதை சொல்லி முடித்திருப்பார்கள். டாக்டரும் பழக்கத்தில், "கூட வந்தது யாரு?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

இந்தத் தொடரில் இதுவரை மருத்துவர்களைப் பார்த்தோம், மருந்துகளைப் பார்த்தோம், காப்பகச் சுவர்களைப் பார்த்தோம். இந்த இதழில் கூட வந்தவர்களின் முறை. ஆராய்ச்சி இதழ்கள் அவர்களை எப்போது கண்டுகொண்டன, எந்தக் காலத்தில் என்ன கேட்டன, எதைக் கேட்காமல் விட்டன என்பதைத் தேதி வாரியாகப் பார்த்தால் வேடிக்கையான ஒரு வரலாறு கிடைக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் இருந்தே தொடங்கலாம். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1959-இல் அங்கிருந்து ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் புறப்பட்டது. 1964-இல் அது தனி நிறுவனமாகவே வளர்ந்தது. அப்போது இதெல்லாம் மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15 அன்றுதான். குடும்பத்தைப் பற்றி இந்தச் சமவெளியிலிருந்து உலகத்துக்குப் போன முதல் பெரிய ஆய்வுப் பெயர் 'ஆத்தூர்' என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் அன்றைய ஆராய்ச்சியில் குடும்பம் என்றால் குடும்பக் கட்டுப்பாடு. எத்தனை பிள்ளை, எத்தனை வருட இடைவெளி, யாருக்கு அறுவைச் சிகிச்சை. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்குள் யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்குத் தூக்கம் வரவில்லை, எந்த அறைக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது என்பதெல்லாம் அந்தக் கேள்வித்தாளின் வேலை இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் குடும்பம் வேறு விதமாக மாட்டிக்கொண்டது. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனமருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை அச்சில் கொண்டுவந்தார். 1956-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கிரிகரி பேட்சன், டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட் ஆகிய நால்வரும் 'இரட்டைக் கட்டு' என்ற கோட்பாட்டை வெளியிட்டார்கள். வாய் "வா கண்ணு" என்னும், உடம்பு விலகிக்கொள்ளும். எதை நம்புவது என்று தெரியாமல் பிள்ளை சிக்கிக்கொள்ளும் என்பது அதன் சாரம். குடும்பச் சிகிச்சை என்ற துறை பெருமளவுக்கு இந்தச் சந்தேகத்திலிருந்துதான் முளைத்தது. நேதன் ஆக்கர்மனும் டான் ஜாக்சனும் சேர்ந்து ஆரம்பித்த 'ஃபேமிலி புராசஸ்' இதழ் 1962-இல் முதல் இலக்கத்தைக் கொண்டுவந்தபோது, குடும்பம் ஏறக்குறைய கூண்டில் நின்றுகொண்டிருந்தது. அந்த இதழின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்குள் மறுபடி வரும்.

பாலோ ஆல்டோ கட்டுரை வெளியான மறு வருடம், 1957-இல், வேலூருக்குப் பக்கத்தில் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் தொடங்கியது. புளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற கனடா நாட்டு மருத்துவரின் பெயர் அந்தத் தொடக்கத்தோடு சேர்ந்தது. அங்கே ஒரு விதி இருந்தது. நோயாளியைச் சேர்த்துவிட்டு வீட்டார் நடையைக் கட்ட முடியாது. உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும். திண்டுக்கல்லில் ரயிலேறி, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறி, மகனோடு அங்கே போய்ச் சேர்ந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கடல் தாண்டி இருந்தால் அவர் குற்றவாளி. பாகாயத்தில் அவர் கையில் அடுப்பு, மாத்திரை, மகன்.

இதைச் சொல்லும்போது நமக்கு லேசாக மார்பு விரியும். "பார், நம் பண்பாடு!" என்று மேடையில் முழங்கவும் வசதியான செய்தி. ஆனால் காரணம் முழுக்கப் பண்பாடு இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் போதாது, மனமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு, ஒருமுறை உள்ளே விட்டவரைத் திரும்ப அழைத்துப்போக வீட்டார் வருவார்களா என்ற கவலை வேறு. குடும்பம் நம் மருத்துவமனைக்குள் கோட்பாடாக நுழையவில்லை. ஆள் பற்றாக்குறைக்கு வந்த கைமாற்றாக நுழைந்தது.

வேலூருக்கும் முந்தியது அமிர்தசரஸ். 1950-களில் அங்கிருந்த மனநல மருத்துவமனையின் தலைவர் வித்யாசாகர். பிரிவினைக்குப் பிந்தைய பஞ்சாப். மருத்துவமனையில் கூட்டம் தாங்கவில்லை. வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். நோய் என்றால் என்ன, வீட்டுக்குப் போனபின் எப்படி நடத்த வேண்டும் என்று கூட்டமாக உட்காரவைத்துப் பேசினார். ஆட்கள் குணமாகி வீடு திரும்பினார்கள். இந்தியக் குடும்பச் சிகிச்சையின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் பத்தியில் அந்தக் கூடாரங்கள் இருக்கும். ஆனால் அவர் பேனாவை எடுத்தது அபூர்வம். பரவலாக மேற்கோள் காட்டப்படும் அவருடைய கட்டுரை 1971-இல் தான் வருகிறது. கூடாரத்துக்கும் கட்டுரைக்கும் இடையில் சுமார் இருபது வருடம்.

வேலூர்க்காரர்கள் கொஞ்சம் சுறுசுறுப்பு. கோல்மையர், ஃபெர்னாண்டஸ் இருவரும் 1963-இல் அமெரிக்க மனமருத்துவ இதழிலேயே தங்கள் குடும்ப அணுகுமுறையை எழுதிவிட்டார்கள். 1967-இல் சாக்கோ, 1971-இல் ஆபிரகாம் வர்கீஸ் என்று வரிசை தொடர்ந்தது. இந்தக் காலத்துக் கட்டுரைகள் பெரும்பாலும் அனுபவக் குறிப்புகள்: இப்படிச் செய்தோம், இப்படி நடந்தது, நீங்களும் செய்து பாருங்கள். படிக்க இதமாக இருக்கும். குடும்பம் தங்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் 1974 டிசம்பரில் உருவானது. அங்கே குடும்ப மனமருத்துவத்துக்குத் தனி வார்டே வந்தது. 1980-இல் பட்டி, ஜானகிராமையா, சன்னபசவண்ணா மூவரும் அந்த வார்டைப் பற்றி எழுதினார்கள். எங்கே? நினைவில் வைக்கச் சொன்ன அதே 'ஃபேமிலி புராசஸ்' இதழில். குடும்பத்தைக் கூண்டில் ஏற்றிய ஊரின் இதழ், குடும்பத்தைக் கட்டில் போட்டுப் படுக்கவைத்த ஊரின் செய்தியை அச்சிட்டது.

இனி கதையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார். மோரிஸ் கார்ஸ்டேர்ஸ். மிஷனரி வீட்டுப் பிள்ளை. பிறந்தது இந்தியாவில். 1958-இல் ஜார்ஜ் பிரவுன், டாப்பிங் ஆகியோருடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். லண்டன் மனநல மருத்துவமனைகளிலிருந்து நெடுநாள் நோயாளிகள் வெளியே அனுப்பப்பட்ட காலம் அது. தாயிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, வாடகை அறை எடுத்துத் தங்கியவர்களும் கூடப்பிறந்தவர்களிடம் போனவர்களும் நன்றாக இருந்தார்கள் என்று தெரிந்தது. யாரும் எதிர்பாராத முடிவு. பிரவுன் அதைப் பிடித்துக்கொண்டார். பல வருட உழைப்பில் அதிலிருந்து ஓர் அளவுகோல் பிறந்தது. வீட்டார் நோயாளியைப் பற்றிப் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, குறை சொல்லும் சொற்கள், வெறுப்பு, அளவுக்கு மீறிய கவலை, பரிவு என்று எண்ணுகிற முறை. 'வெளிப்படும் உணர்ச்சி' என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, எண்ணுகிறவர் சொல்லை மட்டும் கேட்பதில்லை, குரலைக் கேட்கிறார். "துரை இன்னும் எந்திரிக்கல" என்ற வாக்கியத்தில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. எழுதி வைத்துப் படித்தால் மரியாதையாகவே தெரியும். ஆனால் நிலக்கோட்டையிலோ வேடசந்தூரிலோ ஒரு தகப்பன் காலை பத்து மணிக்கு அதைச் சொல்லும் தொனியைக் கேட்ட எவருக்கும், அதைக் குறை சொன்ன கணக்கில்தான் எழுத வேண்டும் என்று தெரியும். "நல்லாத்தான் இருக்கான்" என்பதும் அப்படித்தான்; அந்த 'தான்' எவ்வளவு நீள்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் தலைகீழாகும். லண்டன் ஆங்கிலத்துக்குச் செய்த இந்தத் தராசு இந்தியக் குரல்களை நிறுக்குமா?

சண்டிகரில் நிறுத்துப் பார்த்தார்கள். என். என். விக், ஜூலியன் லெஃப் குழுவினர் இந்தி பேசும் குடும்பங்களிடம் செய்த ஆய்வு 1987-இல் பிரிட்டிஷ் மனமருத்துவ இதழில் வரிசையாக வெளிவந்தது. லண்டனில் ஏறக்குறையப் பாதி வீடுகள் உணர்ச்சி அதிகம் வெளிப்படும் 'சூடான' வீடுகள்; சண்டிகரில் நான்கில் ஒன்று தேறவில்லை. நகரத்தாரைவிடக் கிராமத்தார் இன்னும் குறைவாகவே குறை சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வில் ஆக்ரா நோயாளிகள் மேற்கு நாட்டாரைவிட நன்றாகத் தேறியது ஏன் என்ற புதிர் ஏற்கெனவே இருந்தது. அதற்கு இது ஒரு விடையாகக் கைக்கு வந்தது: வீட்டின் பொறுமை.

மறுபடி மார்பு விரியும் இடம். இங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. முப்பது வயது மகனுக்குத் தட்டில் பிசைந்து ஊட்டிவிடும் தாயை அந்த அளவுகோல் எந்தக் கட்டத்தில் போடும்? மீறிய கவலையிலா, பரிவிலா? ஆனைமலையன்பட்டி போன்ற ஒரு கிராமத்தில் அது அளவு மீறியது இல்லை; அன்றாடம். குறைவாகக் குறை சொல்வதும் எப்போதும் பொறுமையாக இருக்காது. வெளியாளிடம், அதுவும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவரிடம், வீட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணமாகவும் இருக்கலாம்.

கார்ஸ்டேர்ஸை விட்டுவிட்டோம். அவர் கர்நாடகக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஆர். எல். கபூருடன் சேர்ந்து மனநல ஆய்வு செய்து 1976-இல் 'கோட்டாவின் மாபெரும் பிரபஞ்சம்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். அதே கபூர், பாய் என்பவரோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட சிறிய கட்டுரைதான் இந்தியக் குடும்ப ஆய்வுகளைத் திசைதிருப்பியது. நோயாளியின் வீட்டார் சுமக்கும் சுமையை அளக்கும் நேர்காணல் படிவம் அது. 24 கேள்விகள், ஆறு தலைப்புகள்: பணம், அன்றாட வேலை, ஓய்வும் பொழுதுபோக்கும், வீட்டுக்குள் பேச்சுவார்த்தை, மற்றவர்களின் உடல்நலம், மற்றவர்களின் மனநலம். ஒவ்வொன்றுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண்.

காகிதத்தில் சப்பென்று இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகும் ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும். மொட்டு வெடித்தால் விலை போச்சு. இரவெல்லாம் மகன் தூங்காமல் நடந்துகொண்டிருந்தால் அவள் பறிக்கப் போக முடியாது: முதல் தலைப்பு. போகாத அன்று அடுத்த வீட்டுக்காரி கைமாற்றாகப் போவாள், பேச்சு வரும்: இரண்டு. தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு இவனை வைத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா: மூன்று. "உன் செல்லந்தான் இப்படி ஆக்கிருச்சு" என்று புருஷன்: நான்கு. ஒரு பக்கக் காகிதத்தில் இவ்வளவும் அடங்குவதுதான் அந்தப் படிவத்தின் வெற்றி. நாற்பது வருடம் தாண்டியும் மாணவர்கள் அதைத் தூக்கிக்கொண்டுதான் களத்துக்குப் போகிறார்கள்.

வெற்றியே ஒரு வகையில் வினையாகவும் ஆயிற்று. அளக்க எளிதானதைத்தான் எல்லோரும் அளப்பார்கள். மனச்சிதைவில் சுமை, இருமுனைக் கோளாறில் சுமை, குடிநோயில் சுமை, மறதிநோயில் சுமை என்று ஆய்வேடுகள் குவிந்தன. சுமையை இறக்குவது எப்படி என்ற கட்டுரை அந்த அளவுக்கு இல்லை. குடும்பம் குற்றவாளியாக இருந்து, செவிலியாக மாறி, கடைசியில் எடைபோடும் பொருளாக நின்றது.

சென்னையில் எம். சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த எடைக்கல்லுக்கு அப்பால் போனது. அங்கிருந்து ஆர். தாராவும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவு வந்து மண வாழ்க்கையும் முறிந்த பெண்களைப் பற்றியது. ஒரு பகுதி அந்தப் பெண்கள் சொன்னது. மறு பகுதி அவர்களைத் திரும்ப ஏற்றுக்கொண்ட பிறந்த வீட்டார் சொன்னது. புருஷன் கைவிட்ட பிறகும் தாலியைக் கழற்றாதவர்கள், எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்று தவிக்கும் வயதான பெற்றோர். 'நம் குடும்பங்களின் பொறுமை' என்ற சொல் எந்தக் குடும்பத்தைக் குறிக்கிறது, பிறந்த வீட்டையா புகுந்த வீட்டையா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது அதைப் படித்தால் விளங்கும்.

1999-இல் இன்னொரு கேள்வி, தலைப்பிலேயே குறும்போடு வந்தது. நாத், கிரெய்க் இருவரும் பிரிட்டனின் குடும்பச் சிகிச்சை இதழில் எழுதினார்கள்: இந்தியாவில் ஒரு தாம்பத்திய அலகில் எத்தனை பேர்? பாடப்புத்தகத்தில் விடை இரண்டு. நம் ஊரில் மாமியார் இல்லாமல் அந்தக் கணக்கு முடியுமா? மெக்கோல்ட்ரிக், கெர்சன் இருவரும் 1985-இல் பிரபலமாக்கிய குடும்ப வரைபடத்தை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லில் அக்கா மகளைக் கட்டிய ஒருவர் வீட்டுக்குப் போனால் பென்சில் திணறும். அங்கே கணவன் மனைவிக்குத் தாய்மாமன். அவனுடைய மாமியார் அவனுக்கே அக்கா. மாமியாருக்கும் மருமகனுக்கும் சண்டை என்றால் அது அக்கா தம்பிச் சண்டை. கோடு மேலே போய் வளைந்து அதே வட்டத்துக்குள் திரும்பும். பஞ்சாயத்துக்குத் தாய்மாமனைக் கூப்பிடலாம் என்றால், அவர்தான் எதிர்க்கட்சி. இந்தக் கோட்டுக்குத் தனி ஆராய்ச்சியே நடத்தலாம்.

மருத்துவமனைக்கு வெளியிலும் கூட வந்தவர்கள் இருந்தார்கள். 2000 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர் ரகுராமும் குழுவினரும் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தின் முத்துசாமி கோயிலில் குணம் தேடித் தங்கவந்த 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. கூடவே வீட்டார் ஒருவர். மந்திரிப்பு, சவுக்கடி எதுவும் இல்லை. கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள். சராசரியாக ஆறு வாரம் இருந்தார்கள். நோய்க்குறி மதிப்பெண் 52.9-இலிருந்து 42.9-க்கு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது.

அந்தக் கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது 2002 ஜூலையில். இடையில் 2001 ஆகஸ்ட் 6 வந்துவிட்டது. ஏர்வாடியில் தர்காவை நம்பி நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன்பின் கோயில், தர்கா என்று யார் பேசினாலும் ஏர்வாடிதான் கண்முன் வந்தது. கோயிலில் நோய்க்குறி ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது தெய்வத்தாலா, ஓய்வாலா, காலத்தாலா என்ற வாதம் நடந்தது. இரண்டு இடத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாட்டை வாதம் அவ்வளவாகத் தொடவில்லை. கோயிலில் 31 பேருக்கும் கூட ஒருவர் இருந்தார். ஏர்வாடியில் சங்கிலி இருந்தது.

ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்த பெரிய ஆய்வு 2014-இல் 'லான்செட்' இதழில் வந்தது. சுதிப்தோ சாட்டர்ஜி, விக்ரம் பட்டேல், தாரா குழுவினர் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதி காஞ்சிபுரம் பக்கம். உள்ளூர்ச் சமூகநலப் பணியாளர் பயிற்சி பெற்று வீட்டுக்கே போய் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசினார். மருத்துவமனை மட்டும் போனவர்களைவிட இவர்களுக்கு நோய்க்குறியும் முடக்கமும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தன. 'கொஞ்சம்' என்பதை ஆய்வாளர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். வித்யாசாகரின் கூடாரத்துக்குக் கிடைக்காத கணக்கு, அறுபது வருடம் கழித்துக் கிடைத்தது.

2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. தனக்காகப் பேசும் பிரதிநிதியை நோயாளியே எழுதிக்கொடுக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரையும் குறிக்காவிட்டால் உறவினர் முன்வரிசைக்கு வருகிறார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் பலருக்கு இப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது.

அந்த நாலு பேரும் குறைந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தனிச் செய்தி. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்டத்தின் 21.6 லட்சம் பேரை வீடுகளால் வகுத்தால், வீட்டுக்கு நாலு பேர்கூட முழுதாக வரவில்லை. ஆத்தூரில் 1959-இல் தொடங்கிய வேலைக்கும் அதில் பங்குண்டு. மகள் திருப்பூரில், மூத்தவன் சென்னையில். வீட்டில் தாயும் நோயாளி மகனும் மட்டும் என்பது இப்போது அரிதில்லை. அப்படி ஒரு வீட்டில் கபூர்–பாய் படிவத்தை விரித்தால், ஐந்தாம் ஆறாம் தலைப்பில் 'வீட்டில் மற்றவர்களின் உடல்நலம்', 'மற்றவர்களின் மனநலம்' என்று கேள்வி வரும். கேட்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாவைத் தவிர அங்கே மற்றவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

(தொடரும்)